நகரத்தைச் சுற்றும் டெக்ஸ்ட் அட்வென்ச்சர்: எத்தனை இடங்கள் வைப்பது, வழி எப்படிச் சொல்வது?

தெருமுனை:

வணக்கம். ஒரு நகரத்தைச் சுற்றித் தெரிந்துகொள்வதையே விளையாட்டாக வைத்து, முழுக்க எழுத்தால் ஆன ஒன்றைத் தமிழில் செய்ய இறங்கியிருக்கிறேன். கற்பனை நகரம்தான். துறைமுகம், குறுக்கே ஓர் ஆறு, இரண்டு பாலங்கள், பழைய நகரம், புதிய நகரம், நடுவில் ஒரு மணிக்கூண்டு. ஆட்டக்காரர் ஊருக்குப் புதிதாக வந்து இறங்குகிறார். கையில் பாதி அழிந்த ஒரு முகவரி. இருட்டுவதற்குள் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கதை அவ்வளவுதான்.

தெருவுக்குத் தெரு, முனைக்கு முனை ஓர் இடம் என்று வைத்தால் நூறைத் தாண்டிவிடுகிறது. குறைத்தால் நகரமாகவே தெரியவில்லை, நாலு வீட்டுச் சந்து மாதிரி ஆகிவிடுகிறது. எத்தனை இடங்கள் வைத்தால் சரியாக இருக்கும்? ஆட்டக்காரர் கட்டளையைத் தட்டச்சு செய்யட்டுமா, இல்லை சொற்களைத் தொட்டுத் தொட்டுப் போகட்டுமா? அப்புறம் இந்த "வடக்கே போ, கிழக்கே போ" விஷயம். ஊருக்குப் புதியவருக்கு வடக்கு எது என்று எப்படித் தெரியும்?

பழைய_முனையம்:

எண்ணிக்கையை அப்புறம் பார்ப்போம். இந்த வகை விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் சிக்கலின் வேர் தெரியும். வில் கிரௌதர் 1970களின் நடுவில் எழுதிய முதல் சாகச விளையாட்டு ஒரு குகைக்குள் நடக்கிறது. அவரே குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் போட்டவர். கென்டக்கியில் உள்ள மாமத் குகையின் ஒரு பகுதியைத்தான் ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் எழுதிவைத்தார். 1977-ல் டான் வூட்ஸ் அதை விரித்தார். "அறை, அதிலிருந்து வெளியேறும் வழிகள், திசைகள்" என்கிற கட்டமைப்பு மொத்தமும் அங்கே பிறந்ததுதான்.

குகைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஓர் அறையிலிருந்து பார்த்தால் அடுத்த அறை தெரியாது. போக இரண்டு மூன்று பொந்துகள்தான் இருக்கும். எல்லாம் இருட்டு. நகரம் இதற்கு நேர் எதிர். தெருவில் நின்றால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரம் தெரியும். பத்துப் பக்கம் போகலாம். இருட்டு கிடையாது, கூட்டம்தான் உண்டு. குகைக்குத் தைத்த சட்டகத்துக்குள் நகரத்தை அப்படியே திணித்தால் நூறு அறைகள் கிடைக்கும், ஒரு நகரம் கிடைக்காது.

நான் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான். ஓர் இடத்துக்கு வந்தால் அங்கே ஆட்டக்காரர் எதையாவது முடிவுசெய்ய வேண்டும், அல்லது வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது இடம் இல்லை. போகிற வழியில் வரும் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். "துணிக்கடைகளைத் தாண்டி, சாக்கடை மூடிகளை மிதிக்காமல் நடந்து மணிக்கூண்டுக்கு வருகிறீர்கள்." மூன்று முனைகள் இந்த ஒரே வரியில் முடிந்துவிட்டன.

முடிச்சு:

மேலே சொன்னதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களைப் பற்றி 1736-ல் கணிதவியலாளர் ஆய்லர் யோசித்தபோது, அந்த நகரத்தின் தெரு, வீடு, சந்தை எதையும் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு நிலப்பகுதிகள், ஏழு பாலங்கள். மீதி எல்லாவற்றையும் தூக்கிப்போட்டார். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து நகரம் முழுக்க நடந்துவர முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்று நிறுவ அந்த நாலும் ஏழும் போதுமானதாக இருந்தன.

நம் மொழியில் சொன்னால் நாலே அறை, ஏழே வழி. ஆனாலும் அதில் ஒரு புதிர் இருக்கிறது. காரணம், கடப்பதற்குக் கடினமான ஒன்று அங்கே இருந்தது, அதுதான் ஆறு. தெருமுனை, உங்கள் நகரத்திலும் ஆறு இருக்கிறது, பாலம் இரண்டுதான். உங்கள் விளையாட்டின் முதுகெலும்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றே சொல்வேன். இரண்டில் ஒன்று கப்பலுக்காகத் தூக்கப்படும் பாலமாக இருந்தால்? எப்போது தூக்குவார்கள், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே நகரத்தைத் தெரிந்துகொள்வதுதான்.

நிரலில் பார்த்தால் இது சாதாரண கிராஃப். இடங்கள் கணுக்கள், வழிகள் கோடுகள். ஆனால் கோட்டிலும் தகவல் வையுங்கள், கணுவில் மட்டும் வைக்காதீர்கள். நடக்க எத்தனை நிமிடம், எந்த நேரத்தில் மூடியிருக்கும், போகும்போது என்ன கண்ணில் படும், திரும்பி வரும்போது என்ன படும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே வர்ணனையாக இருப்பதைத்தான் நான் விளையாடிய நகர விளையாட்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன். மேடு ஏறும்போது வீட்டுச் சுவர்தான் தெரியும், இறங்கும்போது கடல் தெரியும். தெரு அதேதான், ஆனால் எழுத இரண்டு வரிகள் இருக்கின்றன.

இரவுக்காவல்:

எதற்கு இவ்வளவு சிக்கல்? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற திறந்த இணைய வரைபடத்தில் ஏதாவது நிஜ நகரத்தின் தரவை இறக்கி, சந்திப்புக்கு ஓர் அறை என்று நிரலையே உருவாக்கச் சொல்லிவிடலாமே. ஒரு நாள் வேலை.

முடிச்சு:

இறக்கலாம். 2004-ல் தொடங்கிய திட்டம், தரவு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும். ஆனால் அதில் ஒரு சாலை வளைந்தாலே நாலைந்து புள்ளிகள் வந்துவிடும். இரண்டே கோடுகள் சேரும் புள்ளிகளை எல்லாம் நீக்கி உண்மையான சந்திப்புகளை மட்டும் வைத்தாலும் நடுத்தர நகரத்துக்கு ஆயிரக்கணக்கில் மிஞ்சும். அத்தனைக்கும் வர்ணனை யார் எழுதுவது? "நீங்கள் ஒரு சந்திப்பில் நிற்கிறீர்கள். நான்கு பக்கமும் தெரு." இதை ஆயிரம் முறை படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கிரௌதர், வூட்ஸ் விளையாட்டில் எல்லாமே ஒரே மாதிரி தோன்றும் சுரங்கப் பாதைகள் என்று ஒரு பகுதி உண்டு. ஆட்டக்காரர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பதற்காகவே வைத்த இடம் அது. உங்கள் நகரம் முழுக்கவே அப்படி ஆகிவிடும்.

நடை நேரத்தைக் கணக்கிட அந்தத் தரவு பயன்படும். இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு உதவாது.

கிளைவழி:

தேர்ந்தெடுக்க ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. கெவின் லிஞ்ச் என்கிற நகரத் திட்டமிடல் அறிஞர் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் மூன்றிலும் வசிப்பவர்களிடம் தங்கள் நகரத்தை வரைந்து காட்டச் சொல்லி, வழி சொல்லச் சொல்லிக் கேட்டார். 1960-ல் வெளிவந்த நூலில் மனிதர்கள் நகரத்தை மனத்தில் ஐந்து வகைப் பொருள்களாக வைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினார். வழிகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்பு மையங்கள், அடையாளச் சின்னங்கள்.

இதை நகர விளையாட்டுக்கான பொருள் பட்டியலாகவே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் சந்திப்புகளையும் வழிகளையும் மட்டும் எழுதிவிட்டு நகரம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எழுத்தில் நகரத்தை உண்டாக்குவது உண்மையில் மற்ற மூன்றுதான். வட்டாரம் என்றால் ஒரு தொனி. பழைய நகரத்துக்குள் நுழைந்ததும் வாக்கியங்கள் நீளட்டும், சுவர்கள் நெருங்கட்டும், தெருப் பெயர்கள் விசித்திரமாகட்டும். புதிய நகரத்தில் சின்ன வாக்கியம், எண் போட்ட தெருக்கள். எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லாமலே படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அடையாளச் சின்னத்தை அது இருக்கும் இடத்தில் மட்டும் எழுதக் கூடாது. எங்கிருந்தெல்லாம் தெரியுமோ அங்கெல்லாம் எழுத வேண்டும். மணிக்கூண்டை வைத்து ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன்:

> *துறைமுகம்.* கூரைகளுக்கு மேலே மணிக்கூண்டின் உச்சி மட்டும் தெரிகிறது. மணி என்ன என்று இங்கிருந்து படிக்க முடியவில்லை.
>
> *மீன்வலைத் தெரு.* மணிக்கூண்டு இப்போது உங்களுக்கு இடப்பக்கம். பெரிய முள் ஆறைத் தாண்டியிருக்கிறது.
>
> *பழைய நகரம், கிணற்றுச் சந்து.* மணிக்கூண்டைக் காணோம். எங்கிருந்தோ மணி மட்டும் கேட்கிறது.

வரைபடம் எதுவும் காட்டாமலேயே ஆட்டக்காரர் மனத்தில் ஒன்று விழுந்துவிடும். மூன்றாவது இடத்தில் கோபுரம் மறைந்ததும் வழி தவறிவிட்டோம் என்கிற உணர்வும் தானாக வரும்.

தெருமுனை:

இது அருமை. இந்த முறையில் போனால் நூறு இடங்கள் எதற்கு என்றே தோன்றுகிறது. ஆனால் "இடப்பக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் துறைமுகத்திலிருந்து வந்தால் இடப்பக்கம், எதிர்த்திசையிலிருந்து வந்தால் வலப்பக்கம் ஆகிவிடுமே.

பழைய_முனையம்:

அதனால்தான் பழைய ஆட்கள் திசையைப் பிடித்துக்கொண்டார்கள். வடக்கு எப்போதும் வடக்குதான், நீங்கள் எப்படித் திரும்பி நின்றாலும் மாறாது. எழுதுகிறவருக்கு வசதி, வரைபடம் போட்டு விளையாடுகிறவருக்கும் வசதி. ஆனால் யதார்த்தத்தில் வழி கேட்டால் யாரும் வடகிழக்கே போ என்று சொல்வதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வழி உண்டு. ஆட்டக்காரர் கடைசியாக எந்த இடத்திலிருந்து வந்தார் என்பதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு இடம் வலத்தை நிரலே கணக்கிடலாம். செய்ய முடியும், ஆனால் நாலு முனைக்கு மேல் உள்ள இடங்களில் "சற்றே இடப்பக்கம்", "நன்றாக இடப்பக்கம்" என்று குழப்பம் வரும். இரண்டாவது, நகரத்துக்குச் சொந்தமான திசைகளை வைப்பது. ஆறு ஓடுகிறது அல்லவா? ஆற்றோடு கீழே, ஆற்றுக்கு எதிரே மேலே, ஆற்றை நோக்கி, ஆற்றைவிட்டு விலகி. இந்த நாலும் நின்ற கோணத்தால் மாறாது, ஊர்க்காரர் பேச்சு மாதிரியும் இருக்கும். மூன்றாவது எல்லாவற்றிலும் எளிது, தெரிகிற பொருளின் பெயரைச் சொல்லிப் போவது. "மணிக்கூண்டுக்குப் போ", "பாலத்துக்குப் போ."

நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து வைப்பேன். கூடவே ஒரு நிபந்தனை. பெயர் சொல்லிப் போகும் வசதி, ஆட்டக்காரர் ஒரு முறை பார்த்த அல்லது யாராவது சொல்லிக் கேட்ட இடங்களுக்கு மட்டும். தொடக்கத்தில் இரண்டு இடங்களுக்குத்தான் அப்படிப் போக முடியும், கடைசியில் நகரம் முழுக்கப் போகலாம். ஊர் பழகிவிட்டது என்பதை ஆட்டக்காரர் அந்தக் கட்டளையிலேயே உணர்வார்.

செவிவழி:

நான் பார்வையற்றவன், திரைவாசிப்பான் வைத்துத்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன். இந்த வகை விளையாட்டுகளைப் பல வருடமாக விளையாடுகிறேன். படம் இல்லாமல் முழுமையாக விளையாடக் கிடைப்பவை அதிகம் இல்லை என்பதால் எங்களில் பலருக்கு இவை பிடித்தமானவை. சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

கிளைவழி எழுதிய மாதிரியில் மூன்றாவது இடம்தான் எனக்குப் பிடித்தது, மணி கேட்கிறது என்பதால். முதல் இரண்டும் கண்ணால் பார்ப்பவை. துறைமுகத்தில் மட்டும் எத்தனை ஒலிகள் இருக்கும்! சங்கிலி இழுபடுவது, படகின் பக்கவாட்டில் தண்ணீர் அடிப்பது. காலுக்குக் கீழே மரப்பலகையா, கல்லா? பாலத்தில் கால் வைத்ததும் காற்றும் எதிரொலியும் மாறும். நான் நிஜமாக ஒரு தெருவில் நடக்கும்போது கட்டடம் முடிந்து சந்து தொடங்குகிற இடம் கன்னத்தில் படும் காற்றிலேயே தெரியும். இப்படி எழுதினால் எல்லோருக்கும் நகரம் நெருங்கி வரும், எனக்காகச் செய்யும் சலுகை என்று நினைக்க வேண்டாம்.

வழிகளை ஒவ்வொரு இடத்திலும் ஒரே மாதிரி, கடைசி வாக்கியத்தில் சொல்லுங்கள். கண்ணால் படிப்பவர் பத்தியை மேய்ந்து வழியைக் கண்டுபிடித்துவிடுவார். நான் முழுப் பத்தியையும் மறுபடி கேட்க வேண்டும். மறுபடி வரும்போது சின்ன வர்ணனை, கேட்டால் மட்டும் பெரிய வர்ணனை. நட்சத்திரக் குறிகளையும் கோடுகளையும் வைத்து வரைபடம் போட்டுவிடாதீர்கள், திரைவாசிப்பான் "நட்சத்திரம் நட்சத்திரம் கோடு கோடு" என்று படித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. தொட்டால் பக்கத்தின் நடுவில் எழுத்து மாறுகிற இணைப்புகள் இருக்கின்றன அல்லவா? மாறியது எனக்குத் தெரியவே தெரியாது. புதிய எழுத்து வந்ததும் அதை வாசிக்கச் சொல்லும் குறிப்பு வலைப்பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது புதியது எப்போதும் கடைசியில் சேர வேண்டும்.

கிளைவழி:

சொற்களைத் தொட்டுப் போகும் கதை விளையாட்டுகளை எழுத இங்க், ட்வைன் என்று இரண்டு கருவிகள் உண்டு. கடைசியில் சேர்ப்பது என்பது இங்க்கின் இயல்பான முறை. ட்வைனில் பக்கம் மொத்தமாக மாறும். சரி, அந்தப் பேச்சுக்கே வருகிறேன்.

ட்வைன் 2009-ல் கிறிஸ் கிளைமாஸ் தொடங்கியது. இலவசம், செய்து முடித்தால் ஒரே ஒரு எச்.டி.எம்.எல் கோப்பு கிடைக்கும், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இங்க்கை இன்கிள் நிறுவனம் தங்கள் விளையாட்டுகளுக்காக உருவாக்கி 2016-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. இரண்டிலும் தமிழ் எழுத்து சிக்கல் இல்லாமல் வரும். கைப்பேசியில் விளையாடுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைத்தால் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் "துறைமுகத்துக்குப் போ" என்று தமிழில் அடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

ஆனால் ட்வைனில் நகரத்தைச் செய்கிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் கையால் இணைப்பார்கள். மழை வந்தால் என்ன, மாலையானால் என்ன, பாலம் தூக்கியிருந்தால் என்ன என்று பக்கங்கள் பெருகும். இடம் ஒரு பக்கமாகவே இருக்கட்டும். நேரம், வானிலை, ஆட்டக்காரருக்குத் தெரிந்தவை எல்லாம் மாறிகளாக இருக்கட்டும். அந்த மாறிகளைப் பார்த்து வாக்கியங்கள் வந்துபோகட்டும்.

பழைய_முனையம்:

தட்டச்சுக்கு ஆதரவாக ஒரு குரலாவது வேண்டும். தொடும் சொற்களைக் காட்டினால் ஆட்டக்காரர் என்ன செய்யலாம் என்பதை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அவர் நகரத்தைத் தேடவில்லை, மெனுவைத் தேடுகிறார். கட்டளை அடிக்கும்போது வர்ணனையில் இருந்த ஒரு சின்ன விவரத்தை அவரே பிடித்து, "சுவரொட்டியைக் கிழி" என்று அடித்து, அதன் பின்னால் பழைய தெருப் பெயர்ப்பலகை இருந்தால் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு. அந்தச் சுவரொட்டியை நீல எழுத்தில் காட்டிவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது.

தெருமுனை:

மனம் இரண்டு பக்கமும் போகிறது. தட்டச்சு என்றால் அடித்த வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பார்சரைத் தமிழுக்கு எழுத வேண்டும். முடியுமா?

முடிச்சு:

முடியும், ஆனால் ஆங்கிலத்துக்குச் செய்த கருவியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த விளையாட்டுகளை எழுதும் கருவி இன்ஃபார்ம். அது எழுதித் தருவதை ஓட்டும் பழைய கற்பனைக் கணினியான இசட்-மெஷின் பிந்தைய பதிப்புகளில்கூட ஒரு சொல்லின் முதல் 9 எழுத்தைத்தான் அகராதியில் வைக்கும். அதன் அட்டவணையில் இல்லாத எழுத்து ஒவ்வொன்றும் அந்த ஒன்பதில் நாலு இடத்தைப் பிடிக்கும். இயல்பான அமைப்பில் விட்டால் தமிழ்ச் சொல்லில் முதல் இரண்டு குறியீடுகளுக்கு மேல் அதற்கு நினைவிருக்காது. "பாலம்", "பாதை" இரண்டும் அதற்கு ஒன்றே. ஆண்ட்ரூ பிளாட்கின் பின்னர் உருவாக்கிய அதே வகை கற்பனைக் கணினியான கிளல்க்ஸ், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்கும், ஆனாலும் இலக்கணம் கையால்தான். சின்ன விளையாட்டுக்கு ஜாவாஸ்கிரிப்டிலோ பைத்தானிலோ சொந்தமாக எழுதுவதே சுலபம்.

வேற்றுமை உருபுகளை விதி வைத்து வெட்டப் பார்க்காதீர்கள். பாலம் "பாலத்தை" ஆகும், ஆறு "ஆற்றை" ஆகும், வீடு "வீட்டுக்கு" ஆகும். பின்னோக்கிப் பிரித்தால் பாதி இடத்தில் தப்பு வரும். தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் விளையாட்டில் பெயர்ச்சொற்கள் நூற்றைம்பது இருக்குமா? ஒவ்வொன்றுக்கும் எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே உண்டாக்கி ஓர் அட்டவணையில் போட்டுவிடுங்கள். பாலம், பாலத்தை, பாலத்துக்கு, பாலத்திற்கு, பாலத்தில், பாலத்திலிருந்து, பேச்சு வழக்கில் பாலத்த, பாலத்துல. பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் என்றாலும் மொத்தம் இரண்டாயிரத்துக்குள்தான், கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. தேடும் முன் சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் க், ச், த், ப் ஆகியவற்றை எடுத்துவிட்டால் சந்தியும் தீர்ந்தது. "பாலத்தைக் கட" என்று அடித்தாலும் "பாலத்தை கட" என்று அடித்தாலும் பாலம் கடக்கப்பட வேண்டும். ஆட்டக்காரரிடம் ஒற்றுப்பிழை பார்க்கும் இடம் இது இல்லை.

வினை கடைசியில் வருவது உண்மையில் வசதி. கடைசிச் சொல்லை வினை என்று எடுத்துக்கொண்டு அட்டவணையில் பாருங்கள். போ, போகணும், போகிறேன், செல், நட எல்லாம் ஒரே செயலுக்கு.

நூலேணி:

யூனிகோடிலும் ஒரு கண் வையுங்கள். "கோபுரம்" என்பதை இரண்டு விதமாக அடிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பு, அப்புறம் கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், நிரலுக்கு வேறு வேறு சொல். வாங்கிய உரையை முதலில் என்.எஃப்.சி என்கிற, பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே சீராக்கும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் "மௌனம்" என்பதை ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு "மெளனம்" என்று அடிப்பவர்கள் ஏராளம். அதை என்.எஃப்.சி சரிசெய்யாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. ஔகாரம் வரும் சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

இரவுக்காவல்:

2019-லேயே செயற்கை நுண்ணறிவே கதை சொல்லும் ஏஐ டஞ்சன் விளையாட்டு வந்துவிட்டது. இன்றைக்குப் பெரிய மொழி மாதிரியிடம் "நீ ஒரு நகரம், ஆட்டக்காரர் கேட்பதற்குப் பதில் சொல்" என்று சொன்னால் பார்சரும் வேண்டாம், உருபும் வேண்டாம். இத்தனை பேர் உட்கார்ந்து இதைப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கிளைவழி:

முயற்சி செய்து பாருங்கள். முதல் கால் மணி நேரம் பிரமிப்பாக இருக்கும். அப்புறம் மணிக்கூண்டுக்குத் திரும்பி வந்தால் அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். "இங்கே ஒரு சுரங்கம் இருக்கிறதா?" என்று கேட்டால் உடனே இருக்கிறது என்று தோண்டிக் கொடுத்துவிடும். கேட்டதெல்லாம் இருக்கிற நகரத்தில் தேட ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்லும் நகரம்தான் சுற்றிப்பார்க்க லாயக்கு.

முடிச்சு:

அதை ஒதுக்கவும் வேண்டாம். நகரத்தின் உண்மை முழுக்க உங்கள் நிரலில் இருக்கட்டும். இடம், வழி, நேரம், எது திறந்திருக்கிறது என்பவை. ஆட்டக்காரர் அடித்த வாக்கியம் எந்தக் கட்டளையைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும் மாதிரியைக் கேளுங்கள். அதன் பதில் உங்கள் பட்டியலில் உள்ள கட்டளையாக இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். வர்ணனையை நீங்களே எழுதுங்கள். ஆனால் இணைய இணைப்பு வேண்டும், ஒவ்வொரு நகர்வுக்கும் செலவு உண்டு. ஒரே கோப்பாக அனுப்பும் சுகம் போய்விடும். இந்த அளவு விளையாட்டுக்கு அட்டவணை போதும் என்பது என் எண்ணம்.

தெருமுனை:

சரி, ஓரளவுக்குத் தெளிவு வந்துவிட்டது. பதினெட்டு இடங்கள், நாலு வட்டாரங்கள், ஆற்றை வைத்துத் திசை. கைப்பேசியில் தொட்டும் போகலாம், வேண்டுமானால் அடித்தும் போகலாம். தொடும் சொல்லாக இடம் மாறுவது மட்டும் காட்டப்படும், பொருள்களோடு என்ன செய்வது என்பதை அடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதில் பழைய_முனையத்துக்கும் கிளைவழிக்கும் பாதிப் பாதி.

இன்னும் உறுத்துவது நேரம். இருட்டுவதற்குள் என்று சொல்லிவிட்டேன். நடை ஒவ்வொன்றும் நிமிடத்தைத் தின்றால் ஆட்டக்காரர் சுற்றிப்பார்க்கப் பயப்படுவாரே?

பழைய_முனையம்:

பயப்படுவார். நகரத்தைச் சுற்றிப்பார்க்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு அடிக்கும் அபராதம் போட்டால் அவர் நேர்வழியை மட்டும் தேடுவார். நேரத்தைத் தண்டனையாக வைக்காமல் நகரத்தை மாற்றும் கருவியாக வையுங்கள்.

இதற்கு நல்ல முன்னோடி இன்ஃபோகாம் நிறுவனம் 1985-ல் வெளியிட்ட "எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்". ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதியது. ராக்வில் என்கிற ஒரே நகரம். அதன் எதிர்கால உருவகத்துக்குள் போய், பத்துப் பத்து ஆண்டுகளாக முன்னே நகர்ந்து, அதே தெருக்களில் மறுபடி மறுபடி நடக்க வேண்டும். பெரும்பகுதியில் புதிர் என்று ஒன்றும் கிடையாது. பார்க்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். போன முறை நன்றாக இருந்த இடம் இந்த முறை என்ன ஆனது என்று பார்க்கும் ஆவலே ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டு போகும். புதிய இடங்களைச் சேர்க்காமல், பழகிய இடங்களை மாற்றி ஒரு நகரத்தை எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

உங்களுக்குப் பத்தாண்டுகள் வேண்டாம். காலை, நண்பகல், மாலை, இரவு என நாலு பொழுதுகள் போதும். நிமிடத்தைக் கணக்கிடாமல், ஆட்டக்காரர் முக்கியமான ஒன்றைத் தெரிந்துகொண்டதும் பொழுது ஒரு படி நகரட்டும். பதினெட்டு இடம், நாலு பொழுது. எழுதிப் பாருங்கள், கை வலிக்கும் அளவுக்கு வேலை இருக்கிறது.

> துறைமுகம், காலை. இறக்கிய பெட்டிகளுக்கு நடுவே நடக்க இடமில்லை. யாருக்கும் உங்களிடம் பேச நேரமில்லை.
>
> துறைமுகம், நண்பகல். பெட்டிகள் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் ஈரச் சதுரங்கள். நிழலில் ஒரு காவலாளி, பேச ஆள் கிடைக்காமல்.

முகவரியைப் பற்றி அந்தக் காவலாளியிடம் கேட்க வேண்டுமென்றால் நண்பகலில் வர வேண்டும். துறைமுகத்தின் பழக்கம் தெரிந்தவருக்கு விடை கிடைக்கிறது. நகர விளையாட்டில் புதிர் என்று நான் மதிப்பது இதைத்தான். பூட்டும் சாவியும் எந்தக் குகையிலும் வைக்கலாம்.

புதுவரவு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கற்பனை நகரம் வேண்டாம், ஆட்டக்காரர் நிஜத் தெருவில் நடக்க நடக்க ஜிபிஎஸ் பார்த்துக் கதை மாறுகிற மாதிரி செய்தால்?

முடிச்சு:

செய்கிறார்கள். அது வேறு வகை வேலை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும், எனவே இந்தக் கதவு அந்தக் கதவு என்று நுணுக்கமாகப் போக முடியாது. சதுக்கம், பூங்கா என்று பெரிய வட்டங்களாக வைக்க வேண்டும். நடந்துகொண்டே யாரும் படிக்கக் கூடாது, நின்ற பிறகுதான் எழுத்து வர வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் எதையும் வைக்காதீர்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

தெருமுனை:

கடைசியாக ஒரு கேள்வி. பாதியில் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துத் திறப்பவருக்கு எங்கே நின்றோம், என்ன தெரிந்துகொண்டோம் என்பது மறந்திருக்கும். சேமித்த நிலை திரும்பக் கிடைக்கும், ஆனால் அவர் தலையில் இருந்த நகரம் கிடைக்காதே?

செவிவழி:

குறிப்பேடு வையுங்கள். "குறிப்பு" என்று அடித்தால் இதுவரை கேட்டது, பார்த்தது எல்லாம் ஆட்டக்காரரின் குரலில் வரட்டும். "தூக்குப் பாலம் நண்பகலில் மூடியிருந்தது. காவலாளி சிவப்புக் கதவு என்றார்." வரைபடம் கேட்பவர்களுக்கும் இதையே கொடுக்கலாம், "கிணற்றுச் சந்திலிருந்து மணிக்கூண்டுக்கும் பின்வாசலுக்கும் போகலாம்" என்று வாக்கியமாக. எனக்கு வேறு வரைபடம் தேவைப்பட்டதில்லை.

பழைய_முனையம்:

அதோடு, சோதனைக்குக் கொடுக்கும்போது அடிக்கப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் ஒரு கோப்பில் பதிவாகும்படி செய்து, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அதை வாங்கிப் பாருங்கள். "புரியவில்லை" என்று நிரல் பதில் சொன்ன வரிகளை மட்டும் பிரித்தெடுத்தால் அடுத்து என்ன எழுத வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கும். நாலு பேர் "ஆற்றில் குதி" என்று அடித்திருப்பார்கள், அது நிச்சயம். அதற்கு ஒரு நல்ல பதிலை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

தெருமுனை:

குதித்தால் நீரோட்டம் துறைமுகத்தில் கொண்டுபோய் விடும், ஆற்றோடு கீழே. உடை ஈரம், அடுத்த பொழுது வரை யாரும் கதவு திறக்க மாட்டார்கள். இன்றிரவே எழுதிவிடுகிறேன். துறைமுகமும் பழைய நகரமும் முடிந்ததும் கோப்பை இங்கே போடுகிறேன், செவிவழி முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.